ஒரு வரியில் இரண்டு வழக்கு

“அம்மா! பிடிச்சிட்டேன்!”

சேந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மலையடிவார மருத்துவ மடத்தில் குரு உமையாளைவிட வயதில் மூத்த சீடர் அவர். தர்க்கம் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

“எதைப் பிடிச்சீங்க?” என்றாள் உமையாள்.

“கருவைக் கலைக்கலாமா, முயலுக்கு மருந்து கொடுத்துச் சோதிக்கலாமான்னு ஊரெல்லாம் மண்டையை உடைச்சுக்கிறாங்களே! ரெண்டுக்கும் ஒரே வரி போதும். வலி தெரிஞ்ச உயிரைத் தொடக் கூடாது. தெரியாததைத் தொடலாம். முயலுக்கு வலிக்கும். ரெண்டு மாசக் கருவுக்கு வலிக்காது. தீர்ந்தது வழக்கு!”

“காலையில முயலுக்கு மருந்து கொடுத்தது யாரு?”

“நான்தான். அப்ப இந்த வரி தோணலையே!”

உமையாள் சிரித்துவிட்டாள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து கொடுத்தவரே, முயல் தெளியும் வரை அதை மடியில் வைத்திருக்க வேண்டும். சேந்தன் அதைக் கூண்டில் போட்டுவிட்டு யோசிக்கப் போயிருந்தார். உமையாள் போய் முயலை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

“வாசல்ல ஒரு பொண்ணு நிக்கிறா. உங்க வரியை அவகிட்ட சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சேந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்டுபிடித்த கையோடு கேட்க ஆள் கிடைத்துவிட்டதே!

வந்தவள் பெயர் தையல்நாயகி.

“ரொம்ப வருஷம் ஏங்கி இப்பதாங்க வயித்துல ஒரு பிள்ளை தங்கியிருக்கு. ரெண்டு மாசம். பெத்தா என் இதயம் தாங்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?”

“கலைச்சிடலாம்மா! கவலையே வேண்டாம். வலி தெரியாது.”

“யாருக்குங்க?”

சேந்தன் எழப் பார்த்தார். எழுந்து போய்க் குருவைக் கேட்கலாம் என்றால் மடியில் முயல். அதன் நெஞ்சு அவர் தொடையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

தையல்நாயகி முயலைப் பார்த்தாள்.

“இதை எப்பங்க இறக்கி விடுவீங்க?”

“தெளிஞ்சதும்... சாயங்காலம்.”

“எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் இல்லைங்க. வெச்சுக்கிட்டாலும் இல்லை, கலைச்சாலும் இல்லை.”

சேந்தனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெட்கம் ஒரு பக்கம். கூடவே, தர்க்கத்தில் ஜெயித்தபோதெல்லாம் வராத ஒரு பரபரப்பு.

உள்ளேயிருந்து உமையாள் கேட்டாள்: “என்ன சேந்தரே, வழக்கு தீர்ந்ததா?”

“எங்கேம்மா தீர்ந்தது! இன்னும் விசாரணையே ஆரம்பிக்கலை!” வந்தபோது கத்தியதைவிடப் பலமாகக் கத்தினார். முயல் திடுக்கிட்டது. அதை அணைத்துக்கொண்டு நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

“உட்காருங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க சொல்லுங்க.”