பாவாயியின் கழிப்பறைக் காவல்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவள் என் சித்தி மகள் மயிலாத்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள்.

நீர்க்கடுப்பில் படுத்து எழுந்தவளிடம், "தண்ணி நிறையக் குடி. வந்தால் அடக்காதே, கிட்னி கெட்டுவிடும்" என்றிருந்தார் டாக்டர். அதைச் சொல்லி, வேலை நடுவே கழிப்பறைக்குப் போக விடச் சொன்னாள்; மேனேஜர் தண்டபாணி காது கொடுக்கவில்லை. சரக்குப் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்த அன்று காலையிலும் அவள் கேட்கவே, மேனேஜர் அவர்கள் முன்னாலேயே, நூல் பிசிறு வெட்டும் பாவாயியைக் கூப்பிட்டார்.

"கழிப்பறை வாசல்ல நில்லு. சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் விடாதே. விட்டா உனக்கு வேலை இல்லை."

"யாரா இருந்தாலுமுங்களா?"

"நானே வந்தாலும்!"

வந்தவர்களோடு இளநீரும் மோருமாகக் குடித்த மேனேஜர், சற்று நேரத்தில் தன் அறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி, தொழிலாளர் கழிப்பறைக்கு ஓடி வந்தார். பாவாயி குறுக்கே கையை நீட்டினாள்.

"இன்னும் மணி அடிக்கலீங்க சார்."

"வெளையாடறியா? நகரு!"

"நகந்தா எனக்கு வேலை போயிருமுங்க."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"மணி அடிக்கிற வரைக்கும் ஒரு மனுசன் எப்படி அடக்குவான்?" என்று கத்திவிட்டார்.

"காலையில மயிலாத்தாளும் இதையேதானுங்க கேட்டா."

யாரோ சிரித்தார்கள். "இனி யாரு வேணா எப்ப வேணா போங்க!" என்று மேனேஜர் அலறிய பிறகே பாவாயியின் கை இறங்கியது.

போன மாதம்தான் மயிலாத்தாளிடம் கேட்டேன்: "மேனேஜர் அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை உண்டே. அன்றைக்கு அதை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருந்தது யார்?"

"அடக்காதேன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்று சிரித்தாள்.