வளைவில் கத்திய கார்

“பெல்ட் மாத்தியாச்சு. ஸ்பிரிங் அடியில கிரீஸ் வச்சாச்சு. இன்னும் கத்துது மேஸ்திரி!”

சங்கிலி கார்க் கதவை அறைந்து சாத்தினான்.

மேஸ்திரி ஜெனோவா வேறொரு வண்டியின் பிரேக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எங்க கத்துது?”

“வளையும்போது.”

“எப்பன்னு கேக்கல அண்ணே. எங்கன்னு கேட்டேன்.”

எங்கே என்று தெரிந்திருந்தால் சங்கிலி ஏன் இங்கே வந்து நிற்கப் போகிறான்?

அவனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓட்டிக்கொண்டிருந்த லாரியை விட்டுவிட்டு, அவளிடம் தொழில் படிக்க வந்தவன்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியை ட்ரையல் ஓட்டிப் பார்த்து, சாவியை வண்டிக்காரர் கையில் கொடுப்பவர்தான் மெக்கானிக். மற்றவர்கள் எல்லாம் எடுபிடி.

சங்கிலி இதுவரை ஒரு சாவிகூடக் கொடுத்ததில்லை. வாழ்நாளெல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு அது எப்படி இருக்கும்?

“இந்த வண்டிக்குச் சாவி நான்தான் குடுப்பேன்,” என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

“குடுங்க. யாரு வேண்டாம்னா?” என்றிருந்தாள் அவள்.

இப்போது பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“ஓட்டிப் பாத்தியளா?”

“தலைய வெளிய நீட்டிக் கேட்டுக்கிட்டேதான் ஓட்டுனேன். வலது பக்கம். இல்ல, இடது. இல்ல, ரெண்டும்.”

“லாரில அப்படித்தான் கேப்பியளோ?”

“லாரில சத்தம் வர்ற எடத்துலதான் கோளாறு இருக்கும். இது தகர டப்பா. எங்க தட்டுனாலும் எல்லாப் பக்கமும் கத்துது.”

ஜெனோவா காரில் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடித்தாள்.

கிரீச்.

“பெல்ட் ஓடுதா அண்ணே?”

“இல்ல.”

“அப்ப கத்துறது யாரு?”

சங்கிலி பெல்ட்டைப் பார்த்தான். காலையில் அந்தப் பெல்ட்டோடு மல்லுக்கட்டியவன் அவன்தான்.

“வண்டிக்கு அடியில குழிக்குள்ள இறங்குங்க. நான் ஒடிக்கிறேன்.”

இறங்கினான். தலைக்கு மேலே காரின் வயிறு.

கிரீச்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“எங்க?”

“எல்லா எடத்துலயும்!”

“காதைப் பொத்துங்க.”

“என்னது?”

“காதைப் பொத்துங்கன்னேன்.”

“காதைப் பொத்துனா எப்படிக் கேக்கும்? தொழில் படிக்க வந்தவன நக்கல் பண்ணாதிய மேஸ்திரி.”

அவள் பழைய துணி ஒன்றை இரண்டாகக் கிழித்துக் குழிக்குள் போட்டாள்.

அவன் எடுத்துக் காதில் திணித்துக்கொண்டான். கடுப்போடுதான்.

உலகம் அடங்கிப் போனது. மேலே அவள் ஒடிப்பது தெரிந்தது, சக்கரங்கள் திரும்பின. ஆனால் சத்தம் இல்லை. சத்தம் இல்லாமல் என்ன செய்வது? சும்மா நிற்க முடியாமல் கையைத் தூக்கி ஸ்பிரிங்கைப் பிடித்தான்.

ஒன்றும் இல்லை. வழவழவென்று திரும்பியது.

ஸ்டீயரிங் கம்பியைப் பிடித்தான். அதுவும் வழவழ.

இடது சக்கரத்துக்குக் கீழே இருந்த மூட்டில் விரலை வைத்தான்.

நறநறவென்றது. மணலை மெல்லுகிற பல் மாதிரி.

துணியைப் பிடுங்கி எறிந்தான்.

“பால் ஜாயின்ட்! இடது பக்கம், கீழ! ரப்பர் கிழிஞ்சு கெடக்கு மேஸ்திரி. உப்பளத்து ரோட்டுத் தண்ணி உள்ள போயி துருப் பிடிச்சிருக்கு!”

“ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்க.”

ஆட்டினான். சக்கரம் லொடலொடவென்று ஆடியது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மூட்டுதான். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். இதைச் சங்கிலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் அதிசயராஜ் அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

“சத்தம் நின்னுட்டா? நாலு மணிக்கு வண்டிய வாங்க ஆளு வருது. வாங்குன கையோட குடும்பத்தோட கொடைக்கானல் கெளம்புறாங்களாம்.”

“ஜாயின்ட் மாத்தணும் அண்ணாச்சி. சாமான் நாளைக்குத்தான் வரும்,” என்றான் சங்கிலி.

“நாளைக்கா? அவன் இன்னைக்கு வர்றான்வே! கத்துற வண்டிய எவன் வாங்குவான்? சத்தத்த மட்டும் நிப்பாட்டும். மத்தத வாங்குறவன் பாத்துக்கிடுவான்.”

சங்கிலி மேஸ்திரியைப் பார்த்தான். அவள் ஒரு சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“கிழிசல் வழியா இத உள்ள விடுங்க அண்ணே. கொடைக்கானல் போய்ச் சேர்ற வரைக்கும் சத்தமே வராது.”

“மேஸ்திரி…”

“விட்டுட்டு ட்ரையல் எடுங்க. சாவியும் நீங்களே குடுங்க.”

அவனுடைய ஒரு கையில் சிரிஞ்சை வைத்தாள். மறு கையில் சாவியை வைத்தாள்.

“மேஸ்திரின்னா இப்படில்லா இருக்கணும்!” என்றார் அண்ணாச்சி.

சங்கிலி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. சோதிக்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா? தெரியவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

குழிக்குள் இறங்கினான். கிழிசல் கண்ணுக்கு நேரே இருந்தது. சிரிஞ்சின் முனை அதற்குள் சரியாக நுழையும்.

அவன் மேலே ஏறி வந்து சிரிஞ்சைத் தரையில் வைத்தான்.

சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இடது சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“என்னவே இது? மேஸ்திரியே சொல்லியாச்சு. செய்ய மாட்டீரா?”

“மாட்டேன்.”

சக்கரத்தின் முதல் நட்டு கழன்று விழுந்தது. சிரிஞ்சில் இருந்த எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.