முதல் விரல்

"எவனோ நல்லா ஏமாத்திப்போட்டான் சார்," என்றார் பொங்கியண்ணன். புத்தகத்தை அவர் பெஞ்சில் போட்ட சத்தத்தில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பு அது. பொங்கியண்ணன் மாட்டுச் சந்தைத் தரகர்; மீசை நரைத்துவிட்டது. பாடம் நடத்தும் அமலனுக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும்.

"யாருங்கண்ணா ஏமாத்துனது?"

"தெரிஞ்சா சும்மா விட்டிருப்பனா? கதைன்னா தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவுன்னு போன வாரம் நாலு சாமான் சொன்னீங்க. இதுல மூணுதான் இருக்குது. மூணு காலோட மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தா எந்தச் சந்தையில விலை போகும்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பாடத்தில் இருந்தது ஒரு பழைய செய்யுள் கதை. உயிருக்குயிரான இரண்டு குறுநில மன்னர்கள் ஒரே ஒரு சொல்லால் பகையாகிறார்கள். காலம் போகிறது. ஒருவன் மழையில் நனைந்தபடி மற்றவனின் கோட்டை வாசலுக்கு வந்து நிற்கிறான். குதிரை கனைக்கிறது. உள்ளே இருப்பவன் அந்தக் கனைப்பை அடையாளம் கண்டு விளக்கைத் தூண்டிவிடுகிறான். அவ்வளவுதான். இதற்குப்பின் ஏடுகள் கிடைக்கவில்லை என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"கதவு திறந்துச்சா, இல்லையா? யார் முதல்ல பேசுனது? அதைச் சொல்லாம என்ன கதை?"

"கரையான் தின்னுருச்சுங்கண்ணா."

"அதுக்குத் திங்க வேற இடமே கிடைக்கலியாக்கும்."

வகுப்பு கலைந்தும் அவர் எழுந்து போகவில்லை. எல்லாரும் போனபின் குரல் இறங்கியது.

"வர்ற வெள்ளிக்கிழமை என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் சார். நான் தாய்மாமன். நான் மாலை போட்டுத்தான் புள்ளை மணவறை ஏறோணும். பத்திரிகை வரலை. மச்சான் நாச்சிமுத்துக்கும் எனக்கும் சந்தையில தகராறு. அவன் ஒண்ணு சொன்னான், நான் ஒம்பது சொன்னேன்."

அமலன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து பொழுதுசாய அவன் வீட்டுத் தெரு வழியாப் போனேன். பந்தக்கால் நட்டிருக்குது. என் வண்டிச் சத்தம் அவனுக்கு நல்லாத் தெரியும். உள்ளே லைட்டு எரிஞ்சுது. நான் நிக்காம வந்துட்டேன்."

"சரி."

"என்ன சரி? அந்த ராசா என்ன செஞ்சான்னு தெரிஞ்சா நானும் அதையே செஞ்சுட்டுப் போறேன். ஒரு முடிவு சொல்லுங்க. கட்டுபடியாகலேன்னா பாதி முடிவாச்சும் சொல்லுங்க."

அமலன் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலக்கையை மூடி, நீட்டினார்.

சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துத்தான் பேரம். பழக்கம் சும்மா விடுமா? பொங்கியண்ணன் கை தானாக உள்ளே போனது. அங்கே மூடிய முட்டிதான் இருந்தது. காத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"என்ன சார், விரலே காட்ட மாட்டீங்கறீங்க?"

"இப்ப நான் மாட்டுக்காரன்னு வெச்சுக்குங்க. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். குடுக்கறதா வேண்டாமான்னு எனக்கே தெரியலை. முதல் விரல் யாருங்கண்ணா பிடிக்கணும்?"

"தரகன்தான். அவன் பேசட்டும்னு நானும் நின்னா மாடு வீட்டுக்குத் திரும்பிடும்."

துண்டுக்குள் இரண்டு கைகளும் அப்படியே இருந்தன.

"அப்ப கதைக்கு முடிவு?" என்றார் பொங்கியண்ணன் பிடிவாதமாக. "அதை நீங்க சொல்லவே இல்லை. எனக்கு ஒண்ணும் விளங்கலை."

அமலன் கையை உருவி, துண்டை மடித்து அவர் தோளில் போட்டார்.

"ஏடுதாங்கண்ணா போச்சு. கதவு அங்கேயேதான் இருக்குது. மழையில நிக்கிறவரைப் போய்த் தட்டச் சொல்லுங்க."