படகுத்துறையில் மழை

பேராசிரியர் மாசிலாமணி ஆசிரமத்துக்குள் நுழைந்த வேகத்தில் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். அவ்வளவு கோபம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு வடிவம்மை அவர் காலைப் பார்த்தாள். அவர் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். கோபத்தை மட்டும் வாசலில் விட அவருக்கு மனமில்லை.

வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் அம்மாதான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வாரம் தவறாமல் வந்து அவள் முன்னால் உட்காருகிற சிஷ்யர் அவர்.

"என் பொண்ணை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிட்டேன்மா."

"மரகதத்தையா? என்ன பண்ணினா?"

"படகுத்துறையைக் கொன்னுட்டா."

'மாங்கரைப் படகுத்துறை' ஒரு பழைய காதல் நாவல். கல்லூரியில் முப்பது வருடம் அதைப் பாடம் நடத்தியவர் மாசிலாமணி. பெற்ற மகளுக்கே அதன் கதாநாயகியின் பெயரைத்தான் வைத்தார். அந்த மகள் இப்போது அதை வெப் சீரிஸாக எடுத்திருக்கிறாள். ஊருக்குக் காட்டும் முன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். முடிந்ததும், "இனிமே என் பொண்ணுன்னு எவன்கிட்டயும் சொல்லிக்காதே" என்று கதவைக் காட்டியிருக்கிறார். அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை சினிமாவா வந்துச்சே அது?"

"முதல் படம் கருப்பு வெள்ளை. அது படம். நாவலோட உயிர் அதுல இருந்துச்சு. ரெண்டாவதுல மரகதத்தைப் பனிமலையில ஆடவிட்டானுங்க. அவனுங்க வியாபாரிங்க, போகட்டும். இவ என் வீட்டுல சோறு தின்னு வளர்ந்தவ. கடைசிக் காட்சியையே வெட்டிப் போட்டுட்டாம்மா."

"எந்தக் காட்சி?"

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"சிங்காரம் படகேறிப் போறான். கொட்டுற மழை. மரகதம் துறையில அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. 'நீங்க வர்ற வரைக்கும் இது அணையாது'ங்கிறா. அதை நான் சொல்லும்போது வகுப்புல பிள்ளைங்க அழுவாங்க. இவ எடுத்ததுல மழையும் இல்ல, விளக்கும் இல்ல. அவன் படகை அவிழ்க்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போய் உலை வைக்கிறா. காதலிச்சவ செய்யிற காரியமா இது?"

"புத்தகத்துல எப்படி இருக்கு?"

"சொன்னேனே."

"படிச்சுக் காட்டுங்க."

"எனக்குப் புத்தகம் எதுக்கும்மா? கையில புத்தகமே இல்லாம நடத்துறவன்னு எனக்குப் பேரு."

அவள் கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே அலமாரியிலிருந்து நாவலை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள். கொஞ்சம் வேகமாகவே போட்டாள்.

அவர் கடைசி அத்தியாயத்தைக் கணீரென்ற குரலில் வாசிக்கத் தொடங்கினார். சிங்காரம் துறைக்கு வந்தான். நல்ல வெயில். படகு அவிழ்வதைப் பார்க்க மரகதம் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினாள். ஒருத்திக்கு மட்டும் அரிசி களைந்தாள்.

மாசிலாமணியின் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தைப் புரட்டினார். பின்னட்டைதான் வந்தது. முந்தைய அத்தியாயத்தில் தேடினார், அதற்கும் முந்தையதில் தேடினார். ஒரு தூறல்கூட இல்லை.

"அந்தக் கருப்பு வெள்ளைப் படத்துலதான் மழை..." என்றார். "கல்யாணமான புதுசுல என் சம்சாரத்தோட போய்ப் பார்த்தேன்."

உடனே முகம் மறுபடி சிவந்தது.

"படுபாவி. அந்த டைரக்டர் என்னை இத்தனை வருஷம் ஏமாத்தியிருக்கான்."

"அவன் ஒரு தடவைதான் மழை பெய்ய வெச்சான். வருஷா வருஷம் பெய்ய வெச்சது யாரு?"

வடிவம்மைக்கும் இப்போது கோபம் வந்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மாசிலாமணி புத்தகத்தை மூடினார்.

"ஒருத்தன்கூட என்னைக் கேக்கலையேம்மா. அத்தனை பேரும் நான் சொன்ன மழையைப் பரீட்சையில எழுதினாங்க. நானும் மார்க் போட்டேன்."

"உங்களை நம்பி அவங்க புத்தகத்தைத் தொடல. தொட்டவ ஒருத்திதான். அவளைத்தான் வெளியே போகச் சொல்லியிருக்கீங்க."