ஒற்றைப்பல்லன் பாறைக்கு வேலி

அல்லிக்குளத்துக்கு இரண்டு துறைகள். மேல்துறையில் தெளிந்த தண்ணீர். கீழ்த்துறையில் சேறும் அட்டையும். பன்றிகள் கீழ்த்துறையில்தான் குடிக்க வேண்டும் என்பது காட்டின் பழைய சட்டம்.

ஒற்றைப்பல்லன் என்ற காட்டுப்பன்றி அதை மீறினான். பட்டப்பகலில் மேல்துறைப் பாறையில் ஏறி நின்று தண்ணீர் குடித்தான். எருமைகள் முட்டின. ஒரு பல் உடைந்தது. மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாள் நூறு பன்றிகளோடு வந்தான். சட்டம் ஒழிந்தது.

அவன் செத்துப் பல வருடங்கள் ஆயின. ஒரு கோடையில் எருமைத் தலைவர் தலைமையில் அவன் பெயரால் விழா எடுத்தார்கள். பாறைக்குப் பூ போட்டார்கள். சற்றுத் தள்ளிக் கரைமேட்டில் குட்டிகளை வரிசையாக உட்கார வைத்து, கொக்கு டீச்சர் பாடம் நடத்தினார்.

"ஒற்றைப்பல்லன் ரொம்ப நல்லவர்! யார்கிட்டயும் கோபப்படவே மாட்டார்! அந்தப் பாறையிலதான் தண்ணீர் குடிச்சார்!"

மொச்சை என்ற பன்றிக்குட்டி கேட்டாள்: "அவருக்கு ஏன் ஒரு பல் இல்லை, டீச்சர்?"

"வயசாகி விழுந்திருக்கும். எல்லாரும் ஜே சொல்லுங்க!"

ஜே சொல்லிச் சொல்லி மொச்சைக்குத் தொண்டை வறண்டது. கீழ்த்துறையோ காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவள் அம்மா சாம்பி, மகளை மேல்துறைக்கு அழைத்துப் போனாள். பாறையைச் சுற்றித் துறை முழுக்க முள்வேலி!

"ஏய் சாம்பி! வேலி கண்ணுக்குத் தெரியலையா?" என்று அதட்டினார் எருமைத் தலைவர்.

"பிள்ளைக்குத் தாகம், ஐயா. எங்க ஒற்றைப்பல்லன் வாங்கித் தந்த துறைதானே இது?"

"அதனாலதான் வேலி! அவர் நின்ன புனிதமான இடம். நீங்க கால் வச்சா தண்ணி கலங்கிடும். கீழே போ!"

இதை அவர் வேலிக்கு உள்ளே, கழுத்தளவு தண்ணீரில் படுத்துக்கொண்டு சொன்னார். பக்கத்தில் அவர் போட்ட சாணி மிதந்தது.

சாம்பி மகளோடு கீழ்த்துறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா திரும்பறே?" என்றாள் மொச்சை. "ஒற்றைப்பல்லன் இவங்களைக் கேட்டுட்டா குடிச்சார்?"

சாம்பி நின்றாள். "டீச்சர்!" என்று கரைமேட்டைப் பார்த்துக் கத்தினாள். "அந்தப் பல் வயசாகி விழலை! இவரோட தாத்தா முட்டி உடைச்சது! அதைச் சொல்லிக்கொடுங்க முதல்ல!"

கொக்கு தலையைச் சிறகுக்குள் நுழைத்துக்கொண்டது.

சாம்பி வேலிக்கடியில் மூக்கை விட்டுக் கிளறினாள். முள் கிழித்தது. ரத்தம் சொட்டியது. எருமை கொம்பைத் தாழ்த்தியது. அவள் பயந்தாள், ஆனாலும் கிளறினாள். அதற்குள் இன்னும் பத்துப் பன்றிகள் பக்கத்தில் வந்து மண்ணைக் கிளறின. வேலி சாய்ந்தது. எருமை பன்றிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மெல்லக் கரையேறியது.

மொச்சை பாறை மேல் ஏறி வயிறு முட்டக் குடித்தாள்.

அடிபட்டு ஒருவர் வாங்கித் தந்த உரிமையை அடைத்துவிட்டு, அவர் பெயருக்குப் பூப்போடுவது அவரை இன்னொரு முறை அடிப்பதற்குச் சமம்.