ஆரஞ்சு வாரம்

சிறுமலையின் அடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதன் தலைவர் அருளம்பலச் சாமிகள். ஆசிரமத்தின் முன்கூடத்தில், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மழலையர் வகுப்பு நடந்து வந்தது. பின்கூடத்தில் தியானம், முன்கூடத்தில் கூச்சல். இரண்டிற்கும் நடுவே கதவு கிடையாது. ஒரு கதவு வைத்தால் என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம், "தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைக்கிறது?" என்று சாமிகள் திருப்பிக் கேட்பதுண்டு.

சாமிகளின் மூத்த சீடன் மருதப்பன். நாற்பது வயதைக் கடந்தவன். வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டுமாகப் பல ஆண்டுகள் பணிவிடை செய்தவன். அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்த இருவர் காவி பெற்று, வேறு ஊர்களுக்குப் போய் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தனர். மருதப்பன் மட்டும் வெள்ளையிலேயே நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாமிகளின் முன்னால் கைகட்டி நின்றான்.

"சாமி, எனக்குக் காவி எப்போ?"

"இப்ப என்ன அவசரம்?"

"வர்ற வெள்ளிக்கிழமை பௌர்ணமி, சாமி."

"பௌர்ணமி மாசாமாசம் வருது."

மருதப்பன் தரையைப் பார்த்தான்.

"எங்க மாமா, அத்தை, சொந்தபந்தம் எல்லாரும் அன்னைக்கு வேன் பிடிச்சு வர்றாங்க."

"யாரு வரச் சொன்னது?"

"நான்தான். நீங்க குடுத்துடுவீங்கங்கிற ஒரு நம்பிக்கையில சொல்லிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"ஊர்ல ஒரு ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்க. சின்னதுதான் சாமி."

"எவ்வளவு சின்னது?"

"பத்துக்கு எட்டு."

"அதுல என்ன போட்டிருக்கு?"

"என் போட்டோ. கடைக்காரர் கம்ப்யூட்டர்லயே வேட்டிக்குக் காவி அடிச்சுக் குடுத்துட்டாரு. கீழே பேரு."

"மருதப்பன்னுதானா?"

"பூரணானந்தர்னு. எப்படியும் நீங்க ஒரு பேரு யோசிக்கணும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னு நானே..."

அடக்கிய சிரிப்பில் சாமிகளின் வயிறு குலுங்கியது.

"வகுப்புல ஆயாவுக்குக் காய்ச்சல். நாளையிலேருந்து நீ போய் ரெஜினா டீச்சருக்கு ஒத்தாசையா இரு. வெள்ளிக்கிழமை பார்ப்போம்."

இது தனக்கு வைக்கப்பட்ட சோதனை என்று மருதப்பன் எண்ணினான். சோதனை என்று ஒன்று இருந்தால் அதன் முடிவில் பரிசு என்று ஒன்று இருந்தே தீரும் என்றும் எண்ணினான். அன்றிரவே வேட்டிக்கு நீலம் போட்டு உலர்த்தினான்.

திங்கட்கிழமை காலை ரெஜினா டீச்சர் ஒரு பெரிய அட்டையைச் சுவரில் மாட்டினார். அட்டை முழுவதும் ஒரே நிறம்.

"வாரத்துக்கு ஒரு கலர்ண்ணே," என்றார். "சிவப்பு முடிஞ்சுது. போன வாரம் வெள்ளை. இந்த வாரம் ஆரஞ்சு. பாட்டு, படம், பழம் எல்லாம் அந்தக் கலர்லதான். வெள்ளிக்கிழமை பிள்ளைங்களும் அதே கலர்ல டிரஸ் போட்டுட்டு வருவாங்க."

மருதப்பனுக்கு மெய் சிலிர்த்தது.

"டீச்சர், இது காவியாச்சே!"

"ஆரஞ்சுண்ணே."

"ஏறக்குறைய ஒண்ணுதான். இதைப் பத்திப் பிள்ளைங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்லட்டுமா?"

டீச்சர் தயங்கினார். ஆயினும் ஒப்புக்கொண்டார். மருதப்பன் பிள்ளைகளின் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"குழந்தைகளே, இந்த நிறம் துறவின் நிறம்."

"துறவுன்னா என்ன அங்கிள்?" என்று கேட்டாள் முன்வரிசையில் இருந்த மெஹ்ரின்.

"எல்லாத்தையும் விட்டுடறது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"டிபன் பாக்ஸையுமா?"

மருதப்பன் ஒரு கணம் யோசித்தான். தத்துவத்தில் தள்ளுபடி கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"அதையும்தான்."

மெஹ்ரின் தன் டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையும் அவ்வாறே செய்தது.

"அம்மாவையுமா?" என்று பின்னாலிருந்து இளந்திரையன் என்னும் சிறுவன் கேட்டான்.

மருதப்பன் விடை சொல்வதற்கு முன்பே அவன் அழத் தொடங்கினான். ஓர் அழுகையைக் கேட்டு மற்றோர் அழுகை எழுந்தது. காரணம் அறியாதவர்களும் சேர்ந்துகொண்டனர். கூடமே அதிர்ந்தது.

ரெஜினா டீச்சர் இருவரை இடுப்பிலும் ஒருவனைத் தோளிலும் சுமந்தவாறு வந்தார்.

"அண்ணே, நீங்க கேரட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க. அது போதும்."

அன்று மாலை சாமிகள் கேட்டார்:

"இன்னைக்கு என்ன பாடம்?"

"துறவு, சாமி."

"பிள்ளைகளுக்கு விளங்குச்சா?"

"நல்லா விளங்கிடுச்சு சாமி. அதான் அழுதாங்க."

மறுநாள் படத்திற்கு வண்ணம் தீட்டினார்கள். இளந்திரையன் யானைக்கு ஆரஞ்சு நிறம் அடித்துக்கொண்டிருந்தான்.

"யானை இந்தக் கலர்ல இருக்காதுப்பா."

"இந்த வாரம் இருக்கும் அங்கிள்."

மருதப்பனும் ஒரு கிரேயானை எடுத்து, யானையின் வாலுக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை உள்ளங்கைகளைச் சாயத்தில் தோய்த்துத் தாளில் பதித்தார்கள். எழுந்து ஓடிய மெஹ்ரின் கால் இடறி, எதிரே நின்ற மருதப்பனின் வேட்டியைப் பற்றிக்கொண்டாள். நீலம் போட்ட வெள்ளை வேட்டியில் ஐந்து விரல்களும் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று பதிந்தன.

டீச்சர் பதறினார். மருதப்பன் பதறவில்லை. வேட்டியை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தவாறு நேரே பின்கூடத்திற்கு ஓடினான்.

"சாமி! வந்துடுச்சு சாமி! தானா வந்துடுச்சு!"

சாமிகள் குனிந்து பார்த்தார்.

"டீச்சர் நல்ல சாயம்தான் வாங்குவாங்க. தண்ணி ஊத்துனாப் போயிடும்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. மருதப்பன் விரதம் இருந்தான். குளித்து, புதிய வேட்டி உடுத்தி, சாமிகள் அழைப்பார் என்று வாசலிலேயே காத்திருந்தான். சாமிகள் அழைக்கவில்லை. பிள்ளைகள்தாம் வந்தார்கள்.

ஒரு சிறுமி ஆரஞ்சு கவுனில் வந்தாள். ஒருவன் கோயில் கொடை விழாவுக்கு எடுத்த வேட்டியை மார்பு வரை சுற்றிக்கொண்டு வந்தான். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தன் சித்தப்பாவின் ஆரஞ்சு பனியனை மாட்டிக்கொண்டு வந்தான் இளந்திரையன். அது அவன் கணுக்காலைத் தொட்டது. மெஹ்ரின் தலை முதல் கால் வரை ஆரஞ்சு, வளையல்கூட ஆரஞ்சு. அவள் மருதப்பனின் எதிரே நின்று, ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கிள், வெள்ளை போன வாரம்."

"தெரியும்மா."

"உங்க வீட்டுல யாரும் சொல்லலையா?"

அந்த வேளையில்தான் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மருதப்பனின் தாய்மாமன் சங்கிலிமுத்து. கையில் ரோஜா மாலை. அவர் முன்கூடத்தை எட்டிப் பார்த்தார். கூடம் நிறையக் காவி. வாசலில் வெள்ளையாக மருமகன். மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏன் மாப்ள, இம்புட்டுப் பொடிசுகளுக்கெல்லாம் குடுத்துட்டாக. ஒனக்கு மட்டும் இல்லையா?"

"மாமா, அது வேற..."

"என்ன, ஃபெயிலா?"

"மெதுவாப் பேசுங்க மாமா."

"மூக்கு ஒழுகுற பிள்ளைகூட பாஸாயிருக்குதுடா! இத்தனை வருசமா இங்க என்னதான் படிச்ச?"

"வாய மூடுங்க," என்று அத்தை சிவகாமி கணவரை அடக்கினாள். பிறகு மருதப்பனின் காதருகே வந்து, "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதய்யா. ஃப்ளெக்ஸை இன்னைக்கே எறக்கச் சொல்லிடவா?" என்றாள்.

மருதப்பனின் கண்கள் கலங்கின.

சாமிகள் தம் வழக்கமான காவியில் முன்கூடத்திற்கு வந்து பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்தார். டீச்சர், சரியான நிறத்தில் வந்தவர்களின் நெற்றியில் தங்க நிற நட்சத்திரம் ஒன்றை ஒட்டிக்கொண்டே வந்தார். சாமிகளின் முறை வந்தபோது அவரும் தலையைத் தாழ்த்தினார். பிள்ளைகள் கைதட்டினர்.

"இவருக்கே இன்னைக்குத்தான் பாஸ் போல," என்றார் சங்கிலிமுத்து.

பாட்டு முடிந்தது, ஆளுக்கொரு ஆரஞ்சுச் சுளை கொடுத்தாயிற்று, போட்டோவும் எடுத்தாயிற்று. இனி விளையாட்டு நேரம். இளந்திரையன் சாமிகளின் விரலைப் பிடித்து இழுத்தான்.

"சாமி, வாங்க. சறுக்குல விளையாடலாம்."

சாமிகள் தோட்டத்திலிருந்த சறுக்கு மரத்தைப் பார்த்தார். எழுந்தார். இரண்டடி எடுத்து வைத்தார். அதற்குள் வேனில் வந்த அத்தனை பேரும் அவருடைய காலில் விழுந்துவிட்டனர். சாமிகள் நின்றார். வலக்கையை உயர்த்தினார். ஒவ்வொருவராக எழ, ஒவ்வொருவருக்கும் திருநீறு கொடுத்தார். இளந்திரையன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விரலை விட்டுவிட்டு ஓடினான்.

"டிரஸ் அழுக்காகும். கழட்டிட்டு விளையாடுங்க," என்று டீச்சர் குரல் கொடுத்தார்.

இமைப்பதற்குள் கூடத்தின் தரை ஆரஞ்சு நிறமாயிற்று. கவுன் ஒரு மூலையில், பனியன் ஒரு மூலையில், வேட்டி வாசற்படியில். பிள்ளைகள் உள்ளாடையோடு மணலில் புரண்டுகொண்டிருந்தார்கள்.

ஆயாவின் வேலை மருதப்பனுடையதாயிற்றே! அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்தான்.

"அதுல ஒண்ணை எடுத்துக் கட்டிக்க மாப்ள. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மாமா.

மருதப்பன் மடித்த துணிகளைக் கீழே வைத்தான். நேரே சாமிகளிடம் சென்றான்.

"சாமி, நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்? தண்ணி சுமந்தேன். விறகு பிளந்தேன். இந்த வாரம் மூக்குகூடச் சிந்தி விட்டேன். ஒரு துணி, சாமி. ஒரு துணிக்கு நான் லாயக்கு இல்லையா?"

"யாரு சொன்னா?"

"அப்ப ஏன் தர மாட்டேங்குறீங்க?"

"உள்ள என் ரூம்ல, கொடியில புதுசு ஒண்ணு கிடக்குது. உனக்குன்னு நனைச்சுக் காயப் போட்டதுதான். போய் எடுத்துக்க."

மருதப்பன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு ஓடினான். அவன் திரும்பி வந்தபோது இரு கைகளிலும் காவி விரிந்து கிடந்தது. சங்கிலிமுத்துவின் முகம் மலர்ந்தது. தோளில் கிடந்த மாலையை எடுத்துச் சரி செய்தார். அத்தை குலவையிட்டாள். யாரோ ஒருவர் செல்போனை உயர்த்தி, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாண்ணே," என்றார்.

மருதப்பன் வெளிச்சத்திற்கு வந்தான். காவியின் ஒரு முனையை இடுப்பில் வைத்தான்.

குலவைச் சத்தம் கேட்டு மெஹ்ரின் மணலிலிருந்து எழுந்து வந்தாள். பெட்டிகோட் முழுவதும் மண். அவள் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள்.

"இப்பதான் போடுறீங்களா அங்கிள்?"

"ஆமாம்மா."

"எப்ப கழட்டுவீங்க?"

"இது கழட்டுறது இல்லம்மா."

"அப்ப மண்ணுல எப்படி விளையாடுவீங்க?"

மருதப்பன் தோட்டத்து மணலைப் பார்த்தான்.

"திங்கக்கிழமை பச்சை, அங்கிள். அன்னைக்கும் இதுதானா?"

காவியின் முனை மருதப்பனின் இடுப்பிலேயே நின்றது. மாலையை ஏந்திய மாமாவின் கைகளும் அந்தரத்தில் நின்றன. மருதப்பன் மெல்லத் திரும்பிச் சாமிகளைப் பார்த்தான்.

"சாமி, இந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?"

அருளம்பலச் சாமிகள் சறுக்கு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுறதுக்கு மட்டும்தான் மருதப்பா என் குரு சொல்லிக் குடுத்தாரு. கழட்டுறது எனக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகிட்டயே கேளு. விளங்குனா, எனக்கும் வந்து சொல்லு."