செவந்தி வாங்கின குட்டிப் பம்பு

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்க, சாமி. ஊருன்னா கொல்லிமலை மேல, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி சுத்திக் கெடக்குமே, அங்க. அக்கா பேரு செவந்தி, தங்கச்சி பேரு மரகதம். அப்பா அம்மா இல்ல. மலை பாக்க வர்றவங்கள சைக்கிள்ல காட்டுப் பாதையில கூட்டிட்டுப் போயிப் போயித்தான் செவந்தி தங்கச்சிய நர்ஸுக்குப் படிக்க வச்சா. தடி டயர் போட்ட மலை சைக்கிளு. கல்லு மேல கடகட கடகடன்னு எறங்கும். நீ ம் கொட்டிட்டே கேளு.

அப்புறம் ஒரு நா, வழியில காத்தடிக்க ஒரு பம்பு வாங்கலாம்னு சேலத்துக்குப் போனா. கடைக்காரரு மூணு எடுத்து வச்சாரு. மொதல்ல, முழங்கை நீளத்துல ரப்பர் குழாய் வச்ச பம்பு. "கனந்தாம்மா. ஆனா உன் டயருக்கு இதுதான் சரி. ஒரு அமுக்குக்கு நெறைய காத்து போகும்." ரெண்டாவது, கட்டைவிரல் தண்டி கேஸ் குப்பி. "ஒரே நொடியில புஸ்ஸுன்னு ஏறிடும். ஆனா ஒரு குப்பி ஒரு தடவைதான்." மூணாவது, பேனாவாட்டம் பளபளன்னு ஒரு குட்டிப் பம்பு. "இது ஒல்லி டயருக்கு உள்ளது. தடி டயருக்கு அடிச்சா கை ஒடிஞ்சு போகும்மா."

செவந்தி கேட்டாளா? "பாக்கெட்லயே அடங்குதே, இதையே குடுங்க"ன்னுட்டா.

அப்போ பாரு, மரகதத்துக்கு மஸ்கட்ல ஆஸ்பத்திரி வேலை கெடச்சுது. போனா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வர முடியும். செவந்திக்குத் தாங்கல. கெளம்புற அன்னைக்குக் காலையில தங்கச்சி பெட்டியக் கட்டிட்டு நிக்கிறா, இவ சொல்லிட்டா. "போ. இனிமே எனக்குத் தங்கச்சியே கெடையாது." சொல்லிட்டு, சைக்கிள எடுத்துட்டு விர்ர்ருன்னு மலை உச்சிக்குப் போயிட்டா.

அங்க தனியா உக்காந்தா. கோவம் கொஞ்சங் கொஞ்சமா வடிஞ்சுது. வடிஞ்சதுந்தான் ஒறைச்சுது. ஐயோ, என்ன வார்த்தை சொல்லிட்டேன்! போன எடுத்தா, சிக்னலே இல்ல. தங்கச்சி ஏறப்போற ஒரு மணி பஸ்ஸு கெளம்புறதுக்குள்ள போயி அவ கையப் புடிச்சுக்கணும்னு எறங்கினா பாரு, கடகட கடகட...

பாதி வழியில முள்ளு. புஸ்ஸ்ஸ்.

ஒட்டுப் போட்டா. குட்டிப் பம்ப மாட்டினா. சிக் சிக் சிக் சிக். நூறு தடவ அடிச்சும் டயரு களி மாதிரி அமுங்குது. எரநூறு அடிச்சா, உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. "போதும், இதுலயே போயிடலாம்"னு ஏறிட்டா.

காத்து கொறைச்சலா இருந்தா டியூப்பு தாங்குமா? ஒரு கல்லுல எறங்கினதும் கல்லுக்கும் சக்கர வளையத்துக்கும் நடுவுல மாட்டி நசுங்கிப் போச்சு. டொக்! புஸ்ஸ்ஸ். மறுபடி ஒட்டு, மறுபடி சிக் சிக் சிக். பம்பு கையச் சுடுது. "ஏறேன், ஏறித் தொலையேன்"னு டயருகிட்டயே கெஞ்சறா. கீழ பஸ் ஸ்டாப்பு தெரியுது. தெரிஞ்சு என்ன பண்றது?

அப்புறம் நாலு வளைவு கூட போகல, போட்ட ஒட்டு வாயப் பொளந்துடுச்சு. மூணாவது தடவ. இப்போ அவளுக்குப் பதட்டம். அந்தப் பம்புக்குக் குழாய் கெடையாது, நேரா வால்வுல மாட்டித்தான் அடிக்கணும். அவ அடிச்ச வேகத்துல, டக்! வால்வு அடியோட பிஞ்சு கையில வந்துடுச்சு. இனி ஒட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது.

சைக்கிள அங்கயே போட்டுட்டு ஓடினா. விழுந்தா, எந்திரிச்சு ஓடினா. அப்போ கீழ இருந்து பாம்... பாம்னு சத்தம்.

என்ன கண்ணு? பஸ்ஸு போயிடுச்சாங்கிறியா?

ம். போயிடுச்சு.

அவ வந்து சேந்தப்போ வெறும் புழுதிதான் நின்னுச்சு. டீக்கடை பொன்னாயி வெளிய வந்தா. "உன் தங்கச்சி பஸ்ஸ பத்து நிமிஷம் நிறுத்தி வச்சா புள்ள. ஒரு காலு படியில, ஒரு காலு ரோட்டுல. டிரைவரு திட்டறாரு, கண்டக்டரு விசிலடிக்கிறாரு, எறங்கவும் மாட்டேங்குறா, ஏறவும் மாட்டேங்குறா. 'எங்கக்கா வந்துரும், எங்கக்கா வந்துரும்'னு மலைப்பாதையையே பாத்துட்டு நின்னா."

செவந்தி அந்த ரோட்டுலயே உக்காந்துட்டா. அழுகை கூட வரல அவளுக்கு.

போன்ல பேசிக்கலாமேங்கிறியா? பேசினா. மன்னிச்சுக்கோன்னும் சொன்னா. தங்கச்சியும் சிரிச்சா. ஆனா அந்தக் கையப் புடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு, சாமி.

கதை மலை எறங்கிப் போச்சு. நீ கண்ண மூடு.